திரும்பி வரும் பொருள்

எஸ்தர் ஜெயக்கனிக்கு யாரையும் நம்பும் பழக்கம் கிடையாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அது எல்லோரும் செய்வதுதான். இவள் மீன்காரியின் முகத்தையும் ஒரு தடவை ஊன்றிப் பார்த்துக்கொள்வாள். ஆலயத்தில் காணிக்கைப் பையோடு வருகிறவர் தன்னைத் தாண்டிப் போன பிறகும் அவர் கைமேலேயே அவள் கண் இருக்கும். இப்படி ஒருத்திக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று ஆண்டவரே யோசித்துக் கொடுத்ததுபோல, தூத்துக்குடி புறவழிச் சாலையில் இருந்த தென்கடல் மருந்துக் கிடங்கில் அவளுக்கு இழப்புத் தடுப்பு அதிகாரி வேலை அமைந்தது. சரக்கு காணாமல் போனால் எங்கே போனது, யார் கையில் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். சம்பளம் தராவிட்டாலும் செய்வாள் என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச காலமாக அவளுக்குத் துணையாக வாசல்கள் வந்திருந்தன. ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் நகத்தளவுச் சில்லு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதற்கு பேட்டரி கிடையாது. வாசலின் இரு பக்கத் தூண்களும் ரேடியோ அலை வீசும். அலை பட்டதும் சில்லு விழித்துக்கொண்டு, நான் இன்ன மருந்து, இன்ன பெட்டி என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பெட்டியைத் திறக்க வேண்டாம், கையால் எண்ண வேண்டாம். இதுவரை பழைய சங்கதி. புதிதாகச் செய்தது என்னவென்றால், வேலையாட்களின் சட்டைக் காலரிலும் ஒரு சில்லைத் தைத்துவிட்டார்கள். எந்தப் பெட்டி யாரோடு போனது, யார் யாரோடு நின்று பேசினார்கள் என்பதெல்லாம் வாசலுக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு ஆளுக்கும் 'நம்பக எண்' என்று ஒன்றைப் போட்டது. அந்த எண் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வாசல் திறக்காது. இந்தக் கிடங்கில் மட்டும் அல்ல, மாநிலத்தில் எந்தக் கிடங்கிலும், துறைமுகத்திலும், பெரிய கடைகளின் பின்வாசலிலும் திறக்காது. எல்லா வாசலுக்கும் மூளை ஒன்றுதான்.

சுமை ஏற்றுகிறவர்கள் அந்த வாசல்களுக்கு 'பூதத்தார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் எல்லையில் காவல் நிற்கிற சாமியின் பெயர். எஸ்தருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வாசலை மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. தனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி, காலதாமதமாக வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை வாசல் மாடக்கண்ணுவைத் தடுத்து நிறுத்தியது.

மாடக்கண்ணு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். குளிர் அறையிலிருந்து இன்சுலின் பெட்டிகளை எடுத்து மூன்றாம் வாசல் வழியாக லாரியில் ஏற்றுவது அவர் வேலை. வண்டி ஓட்டும்போது சத்தமாகப் பாடுவார். பாட்டு வராத நேரத்தில் வண்டியோடு சண்டை போடுவார். அன்றைக்கு வரிசையில் அவர் முறை வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. "மன்னிக்கவும். தங்களுக்கு அனுமதி இல்லை" என்றது ஒரு பெண் குரல், தேன் தடவி. மழையில் சட்டை நனைந்ததால் இருக்கும் என்று நினைத்து அவர் காலரைப் பிழிந்துவிட்டு மறுபடி போனார். மறுபடியும் அதே குரல். பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான், பிறகு அவனே நிறுத்திக்கொண்டான்.

எஸ்தருக்கு விஷயம் முன்பே தெரியும். காலையிலேயே அவள் திரையில் வந்திருந்தது. கொஞ்ச நாளாக இன்சுலின் பெட்டிகள் குறைகின்றன. குறைந்த பெட்டி ஒவ்வொன்றையும் கடைசியாகத் தொட்டது மாடக்கண்ணுவின் வண்டி. குற்றம் செய்திருக்க வாய்ப்பு மிக அதிகம். உறுதி செய்யவும். நம்பக எண் இறங்கியதால் வாசல் இப்போதைக்குத்தான் தடுத்திருக்கிறது; அவள் விரலை வைத்து அழுத்தினால் போதும், மாடக்கண்ணு இனி எந்த வாசலிலும் நுழைய முடியாது. வேறு தொழில் தெரியாத மனிதர். அழுத்துவதற்கு முன் விசாரித்துவிடலாம் என்று அவள் எழுந்து வெளியே போனாள். நியாயத்துக்காக மட்டும் என்று சொல்லமுடியாது. விசாரிப்பது அவளுக்குப் பிடிக்கும்.

அவரால் உள்ளே வர முடியாது என்பதால் காவலாளி அறையில் உட்காரவைத்துப் பேசினாள்.

"மேடம், நான் எடுக்கல."

"எடுத்தவங்க எல்லாரும் இதத்தாண்ணே சொல்லுவாங்க."

"எடுக்காதவனும் இதத்தான சொல்லணும்? வேற என்னத்தச் சொல்ல?"

எஸ்தர், "அப்ப பெட்டி எங்க போச்சு?" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்? நான் நாப்பது பெட்டி ஏத்துவேன். பூதத்தார் முப்பத்தாறுங்கும். நாலு கொறையுது, போய் எடுத்துட்டு வாங்கும். ஏத்திட்டேன்னு சொன்னா யாரு கேக்கா? சூப்பர்வைசர் தம்பிகிட்டச் சொன்னேன். 'ஸ்க்ரீன்ல என்ன சொல்லுதோ அதச் செய்யும்வே'ன்னுட்டான். மறுபடி போயி நாலு எடுத்தாந்து ஏத்துனேன். இதான் நடந்துச்சு."

"அப்ப வாசல் பொய் சொல்லுதுங்கியளா?"

"பொய்யின்னு சொல்லல மேடம். ஏதோ கண்ணு மறைக்கி."

இதைவிட நல்ல கதையாக யோசித்திருக்கலாம் என்று எஸ்தர் நினைத்தாள். மாடக்கண்ணு கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"என்னைய ஒங்களுக்கு இன்னைக்கு நேத்தா தெரியும்?" என்றார்.

அதுதான் தைத்தது. பெருவெள்ளம் வந்த வருஷம் எஸ்தரின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நடக்கமுடியாத அம்மாவை வைத்துக்கொண்டு அவள் மொட்டைமாடியில் தவித்தபோது, தண்ணீருக்குள் நடந்து வந்து அம்மாவைத் தோளில் தூக்கிப் போனவர் இந்த மாடக்கண்ணுதான். அவர் வீட்டில்தான் இருவரும் தங்கினார்கள். அதை அவள் மறக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் ஆளைத் தூக்குகிறவன் இன்சுலினைத் தூக்கமாட்டான் என்று யார் சொன்னது? அவள் புத்தி இப்படித்தான் ஓடியது. அப்படி ஓடியதற்காக அவளுக்கு வெட்கமும் வந்தது, ஆனாலும் ஓடிய புத்தியை அவள் நிறுத்தவில்லை.

"விசாரிக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் முத்தையாபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். முன்னறிவிப்புக் கொடுத்தால் சாமான் இடம் மாறிவிடும் என்பது அவள் தொழில் பாடம். மாடக்கண்ணு வெளியே போயிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் கதவைத் திறந்து, "வாங்க மேடம், அம்மா நல்லா இருக்காவளா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேட்காமலேயே கடைக்கு ஆள் அனுப்பி, கலர் சோடா வாங்கிவரச் செய்து உடைத்துக் கொடுத்தாள். பேச்சியம்மாள் பேசப் பேச, எஸ்தரின் கண் பரணையும் கட்டிலுக்கு அடியையும் மேய்ந்தது.

பேச்சியம்மாள் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்து மூடிய நேரம் பார்த்து எஸ்தரின் கைப்பை கத்தியது. கிடங்கு கொடுத்த போன், பக்கத்தில் இருக்கிற சில்லுகளைத் தானாகப் படிக்கும். எடுத்துப் பார்த்தாள். 'இன்சுலின். அருகில்.'

எஸ்தருக்குக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும், இது இப்படி ஆகியிருக்கக் கூடாதே என்ற துக்கமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று கேட்டால் சந்தோஷம்தான்.

"பிரிட்ஜத் தெறக்கணும்" என்றாள்.

பேச்சியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் திறந்துவிட்டாள். முட்டைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சில்லோடு இருந்தன. எஸ்தர் ஒவ்வொன்றையும் எடுத்து போனில் காட்டினாள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இலவசமாக வழங்கியது; வாங்கியவர் பேச்சியம்மாள்; நோய், சர்க்கரை. எல்லாம் முறையாக இருந்தது.

"சுகர் வந்து ஆறு வருசமாச்சு மேடம்" என்றாள் பேச்சியம்மாள். குரல் உயரவில்லை. "வெள்ளத்துல ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வந்து இந்தக் கட்டில்லதான் படுக்க வச்சோம். அவிய பையும் இந்த மூலையிலதான் இருந்துச்சு. நாங்க அதத் தெறந்து பாக்கல."

எஸ்தர் குப்பிகளை டப்பாவில் அடுக்கி வைத்தாள். மன்னிச்சிருங்க என்று வாய்வரை வந்தது. விசாரணையின்போது அதிகாரி மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தாள். அது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். பாதி குடித்த கலரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மாடக்கண்ணுவின் வண்டியை இப்போது ரீகன் என்ற பையன் ஓட்டினான். துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன். அவன் வந்த பிறகும் இன்சுலின் குறைந்தது. எஸ்தர் உடனே, ஆகா, இவனும் அவரும் கூட்டு என்று முடிவுகட்டினாள். ரீகனின் சொந்த ஊர், அவன் மாமா தொழில், அவன் யாரோடு டீ குடிக்கிறான் என்பதெல்லாம் வாசல் சேர்த்து வைத்திருந்த விவரங்களில் தேடினாள். ரீகனும் மாடக்கண்ணுவும் ஒரு தடவைகூடப் பத்தடி தூரத்துக்குள் நின்றதில்லை. அப்படியானால் ரொம்ப ஜாக்கிரதையான கூட்டு என்று நினைத்தாள். நினைத்த பிறகு அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. இப்படியே போனால் அந்த வண்டியில் யார் உட்கார்ந்தாலும் அவன் திருடன் என்று ஆகிவிடுமே என்று அப்போதுதான் தோன்றியது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக வாசலைச் சந்தேகப்பட்டாள்.

சென்னைக்குப் போன் போட்டாள். வாசல்களைப் பராமரிக்கும் பொறியாளர் நிரஞ்சன் மறுநாள் வந்து இறங்கினான். முதுகில் பை, காதில் இயர்போன், வெயிலைப் பார்த்து ஒரு முகச்சுளிப்பு. இருவரும் மூன்றாம் வாசலுக்குப் போனார்கள்.

"இது என்ன மேடம்?" என்றான் நிரஞ்சன், தலையைத் தூக்கி.

வாசலின் மேற்சட்டத்திலிருந்து இரண்டு தூண்களையும் மூடிக்கொண்டு ஜிகினாச் சரங்கள் தொங்கின. வெள்ளி, பச்சை, ஊதா. தூண்களில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"ஆயுத பூஜைக்குக் கட்டினது" என்றாள் எஸ்தர். "இங்க எல்லாத்துக்கும் பூஜை போடுவாங்க. தராசுக்கு, கம்ப்யூட்டருக்கு, லாரிக்கு. வாசலும் வேலை செய்யுதுல்ல, அதுக்கு மட்டும் வேண்டாமான்னு இதுக்கும் கட்டிருக்காங்க."

"பூஜை முடிஞ்சு எத்தனை நாளாச்சு, இன்னும் அவுக்கலையா?"

"சாமிக்குக் கட்டினத யாரு கையால அவுப்பா? அதுவா இத்து விழணும்."

"மத்த வாசல்ல எல்லாம் ஒரே ஒரு சரம்தான் இருக்கு. இதுல மட்டும் ஏன் திரை மாதிரி?"

பக்கத்தில் நின்ற ரீகன் சொன்னான். "மாடக்கண்ணு அண்ணாச்சி வாசல்லா சார் இது. சொந்தக் காசு போட்டு வாங்கிக் கட்டினாவளாம். 'நம்ம பூதத்தாரு மொட்டையா நிக்கக் கூடாது'ன்னு சொல்லிச் சொல்லிக் கட்டினாவளாம்."

நிரஞ்சன் சிரிக்கத் தொடங்கி, சரத்தைக் கையில் பிடித்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"மேடம், ரேடியோ அலைக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு தண்ணி, இன்னொண்ணு தகடு. இன்சுலின் பெட்டிக்குள்ள ஐஸ் ஜெல் வைக்கிறீங்க, அது முக்கால்வாசி தண்ணி. அதனால அந்தச் சில்லு எப்பவுமே ஈனஸ்வரத்துலதான் பேசும். இந்த ஜிகினா மேல இருக்கிறது அலுமினியப் பூச்சு. இத்தனை சரம் குறுக்க தொங்கினா அலை முட்டித் திரும்பிரும். சில்லு பேசினாலும் வாசல் காதுல விழாது."

ரீகனை அதே பெட்டி அடுக்கோடு போய்வரச் சொன்னார்கள். வாடைக்காற்றில் ஜிகினா அசைய அசைய, திரையில் பெட்டிகளின் கணக்கும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வந்தது. பிறகு எஸ்தரே ஸ்டூலில் ஏறி, ஆண்டவரிடமும் பூதத்தாரிடமும் ஒருசேர மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரங்களை அவிழ்த்துப் போட்டாள். ரீகன் மறுபடி போனான். ஒரு பெட்டி விடாமல் வாசல் எண்ணிவிட்டது.

குறைந்த பெட்டிகள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க ஒரு போன் போதுமானதாக இருந்தது. மாடக்கண்ணு ஏற்றிய லாரி போவது தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே வாசல் வைக்க வசதி இல்லை, மருந்து கொடுக்கும் பெண் கையால் எண்ணி வாங்குவாள்.

"ஆமா மேடம், நாலு அஞ்சு பெட்டி கூடவே வருது" என்றாள் அவள், குழைந்துகொண்டு. "ஏதோ தர்மத்துக்கு அனுப்புதியன்னு நெனச்சோம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிப்பாட்டிருவியளே மேடம். இங்க இல்லாத ஜனங்களுக்கு ஊசி போட்டு முடிச்சாச்சு."

எஸ்தர் போனை வைத்தாள். அவர் நாற்பது என்றுதான் சொன்னார். ஒரு பெட்டி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

திரைக்கு முன் உட்கார்ந்து, 'குற்றம் இல்லை' என்பதை அழுத்தினாள். வழக்கு மூடப்பட்டது என்று வந்தது. மாடக்கண்ணுவின் நம்பக எண் மட்டும் அப்படியே கிடந்தது.

"இத ஏத்துங்க" என்றாள் நிரஞ்சனிடம்.

"முடியாது மேடம்."

"ஏன்?"

"முன்னாடி அதிகாரிங்க கையால ஏத்துற மாதிரிதான் வச்சிருந்தோம். லஞ்சம் வாங்கிட்டு ஏத்தினாங்க. அதனால அந்த வழியையே அடைச்சாச்சு. இப்ப ஒரே வழிதான். அந்த ஆள் வாசல் வழியா ஒழுங்கா போய்ட்டு வந்துட்டு இருந்தா, எண் தானா ஏறும்."

"வாசல்தான் தெறக்க மாட்டேங்குதே! எப்படிப் போய்ட்டு வர?"

நிரஞ்சன் தலையைச் சொறிந்தான். "அத யாரும் யோசிக்கலை மேடம். நிஜமாவே தப்புப் பண்ணாதவங்க அந்த அளவுக்குக் கீழ வரமாட்டாங்கன்னு நெனச்சுட்டோம்."

காவலாளி அறையில் மாடக்கண்ணு காத்திருந்தார். தினமும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் திரும்பிப் போவதாகக் காவலாளி சொன்னான். எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். ஜிகினா என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நான் கட்டுனதா?"

"ஆமாண்ணே. ஒங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. எல்லார் முன்னாலயும் நிரூபிச்சாச்சு. நான் எழுதியும் குடுத்துட்டேன்."

அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இதத்தான் நான் மொத நாளே சொன்னேன். அப்ப நீங்க நம்பல" என்றார். "இப்பவும் என்னைய எங்க நம்புனிய? ஜிகினாவ நம்புனிய."

எஸ்தருக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. எஸ்தர் வீட்டுக்கு வந்து தேடியதைப் பேச்சியம்மாள் சொல்லியிருப்பாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிரிட்ஜைப் பற்றி அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கேட்கவில்லை.

வெளியே ஒரு லாரியிலிருந்து சலைன் பாட்டில் பெட்டிகளை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் வாசல் பச்சை விளக்குப் போட்டுத் திறந்து திறந்து மூடியது.

"பாருங்க" என்றார் மாடக்கண்ணு. "அதுகிட்ட, நீ யாரு எவருன்னு ஒரு கேள்வி உண்டா? சாமானாப் பொறந்திருந்தா உள்ள போயிருக்கலாம்."

எஸ்தர் நிமிர்ந்து அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு நிரஞ்சனைத் தேடிக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள்.

கிடங்கில் 'திரும்பி வரும் பொருள்' என்று ஒரு வகை உண்டு. பெட்டி அடுக்கும் மரப்பலகை, ஆக்ஸிஜன் சிலிண்டர் போன்றவை. வெளியே போகும், மறுபடி உள்ளே வரும், அதன் பாட்டுக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். அவற்றுக்கு நம்பக எண் கிடையாது. பொருளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"மேடம், அவர் மனுஷன்!" என்றான் நிரஞ்சன்.

"எனக்குத் தெரியும். வாசலுக்குத் தெரியாமப் பாத்துக்குவோம்."

நிரஞ்சன் முணுமுணுத்துக்கொண்டே விவரங்களை நிரப்பினான். எடை கேட்டது, சொன்னார்கள். தலைகீழாக வைக்கலாமா என்று கேட்டது, கூடாது என்று போட்டார்கள். உடையக்கூடியதா என்று கேட்டபோது நிரஞ்சன் அவளைப் பார்த்தான். "இல்லன்னு போடுங்க, வேலைக்கு வர்ற ஆளு" என்றாள் எஸ்தர். சாயங்காலம் வெளியே போக வேண்டுமானால் பெறுநர் பெயர் வேண்டும். பேச்சியம்மாளின் பெயரையும் போன் எண்ணையும் போட்டார்கள். காலரில் இருந்த பழைய சில்லைப் பிரித்து எடுத்துவிட்டு, பெட்டிக்கு ஒட்டுகிற சில்லு ஒன்றை மாடக்கண்ணுவின் சட்டைப் பையில் வைத்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. "ஆளா வந்தா விடாது, சாமானா வந்தா விடுங்கிய. சரி" என்றார்.

மறுநாள் காலை அவர் வாசலுக்கு வந்தபோது எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "பொருள் வரவு வைக்கப்பட்டது" என்றது தேன் குரல். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "அண்ணாச்சி, ஒமக்கு ஸ்டிக்கர் ஒட்டலையாவே?" என்று ஒருவன் கேட்டான். மாடக்கண்ணு நேராகப் போய் வண்டியில் ஏறினார். அன்று முழுக்க நாற்பது சொன்னால் நாற்பது ஏற்றினார். எஸ்தர் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் பாடவில்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தாள். வண்டியோடு சண்டையும் போடவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவள் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார். மரப்பலகை அவளைத் திரும்பிப் பார்க்குமா என்ன?

மறுநாள் காலை அவள் திரையில் ஒரு புகார் காத்திருந்தது.

பொருள் பெறுநரிடம் போய்ச் சேர்ந்ததும் கிடங்கிலிருந்து அவருக்கு ஒரு செய்தி போகும். எல்லாச் சரக்குக்கும் தானாகப் போவது. எஸ்தர் அதை மறந்தே போயிருந்தாள். 'உங்கள் பொருள் சேதமின்றி வந்து சேர்ந்ததா? ஆம் / இல்லை.'

பேச்சியம்மாள், இல்லை என்று அழுத்தியிருந்தாள்.

என்ன சேதம் என்று வாசல் கேட்டிருந்தது. பேச்சியம்மாள் தன் பேச்சிலேயே பதில் எழுதியிருந்தாள். 'பேச மாட்டேங்காவ. சோறு எறங்க மாட்டேங்கு. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து, நான் என்ன சாமானாடின்னு கேக்காவ. நல்லாத்தான் அனுப்பினேன்.'

எஸ்தர் அதை இரண்டு தடவை படித்தாள். யாருக்காவது போன் செய்யலாமா என்று கையில் எடுத்து, மறுபடி வைத்தாள். சேதப் புகார் எல்லாம் இழப்புத் தடுப்பு அதிகாரியிடம்தான் வரும். இனி அவள்தான் விசாரிக்க வேண்டும். மாடக்கண்ணு ஆளாக இருந்து வாசலில் நின்றபோது அவருக்கு என்ன ஆயிற்று என்று இந்த இயந்திரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொருள் என்று ஆனவுடன் எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இயந்திரத்தின் மேல் மட்டும் வந்த ஆத்திரம் இல்லை.

'சேதம் எங்கே நேர்ந்தது?'

கிடங்கில் என்று போட்டாள். பிறகு முத்தையாபுரம் வீடு ஞாபகம் வந்து, பெறுநர் இல்லத்தில் என்பதையும் சேர்த்துப் போட்டாள்.

'அப்போது பொருளைக் கையாண்டவர் யார்?'

தன் பெயரை முழுதாக அடித்தாள். எஸ்தர் ஜெயக்கனி. பணியாளர் பெயரை அடையாளம் கண்டுகொண்டதாகத் திரை சொன்னது.

'சரிசெய்யக்கூடிய சேதமா?'

வெளியே மூன்றாம் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. பொருள் வரவு வைக்கப்பட்டது என்று குரல் கேட்டது. இன்றைக்கு யாரும் கைதட்டவில்லை, அதற்குள் பழகிவிட்டது. மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நோக்கிப் போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எஸ்தர் எழுந்து கதவுவரை போனாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் நின்றார். வேலை ஏதும் சொல்லப் போகிறாளோ என்று காத்து நின்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை ஒன்றும் இல்லை என்று கண்டு அவர் வண்டியில் ஏறிவிட்டார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, இல்லை என்பதை அழுத்தினாள்.

வாசல் உடனே தன் கணக்கைப் போட்டது. சரிசெய்ய முடியாத சேதத்துக்குக் காரணமானவர் என்று எஸ்தர் ஜெயக்கனியின் நம்பக எண்ணை அவள் கண்முன்னால் இறக்கிக்கொண்டே போனது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கீழே ஒரு பொத்தானும் காட்டியது. எண் எங்கே போய் நிற்கப் போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.